சிங்க் வாங்குவதற்கு முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிங்க் விளிம்போரம் சிலிகான் கறுத்துப் பிளந்திருக்கிறது. அடியில் அலமாரிப் பலகை ஊதியிருக்கிறது. ஒரு வாரத்து ஒழுகலில் பலகை அப்படி ஊதாது, இப்போதுதான் சொல்கிறாய். மேலே பூசிச் சமாளிக்காதே, மாற்றிவிடு. சிங்க்கில் ஒரு தட்டும் ஒரு டம்ளரும் கிடந்தன.

பழைய சிங்க்கின் விளிம்பை அளந்துகொண்டு கடைக்குப் போகாதே. குனிந்து, மேடையில் வெட்டியிருக்கும் துளையை அடியிலிருந்து அள. புதிய சிங்க்கின் விளிம்பு சுற்றிலும் 10, 12 மி.மீ.யாவது மேடைமேல் உட்கார வேண்டும். துளை சிறிதாக இருந்தால் அறுத்துக்கொள்ளலாம், பெரிதாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. துளையை அளந்துவிட்டுத்தான் போக வேண்டும், மறக்காதே.

எவர்சில்வர் தகடு 304 தரம், 18 கேஜ் போதும், சுமார் 1.2 மி.மீ. கனம். கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும். ஆழத்துக்கு ஆசைப்படாதே. 250 மி.மீ. ஆழத் தொட்டி வைத்தால் கழிவு வாய் கீழே இறங்கிவிடும். சுவருக்குள் போகும் குழாய் அதைவிட மேலே நின்றுவிட்டால் தண்ணீர் எந்நேரமும் தேங்கி நாறும். அந்த உயரத்தையும் அளந்து எழுது.

ஒற்றைத் தொட்டியா, இரட்டையா என்று கேட்டாய். அங்கே தினமும் எத்தனை பேருக்குச் சமையல் என்று எழுதினால் சொல்கிறேன்.

டேப்பையும், கழிவு வாயில் மாட்டும் வேஸ்ட் கப்ளிங்கையும் சிங்க்கைக் கவிழ்த்துவைத்துத் தரையிலேயே மாட்டிவிடு. ஏற்றிய பிறகு மல்லாந்து படுத்து மாட்டுவது சித்திரவதை. பழைய சிலிகானைத் துளி விடாமல் சுரண்டு. அதன்மேல் புதியது ஒட்டாது. நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்கு, வினிகர் வாடை அடிப்பது சில கற்களில் கறை பிடிக்கும். விளிம்பு மூடும் இடத்தில் அறுபடாமல் ஒரே கோடாகப் போடு. இறக்கும்போது இரண்டு பேர் வேண்டும். மாப்பிள்ளை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளட்டும். அடியிலிருந்து சிங்க்கைப் பிடிக்கும் கிளிப்புகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கு. ஒரே பக்கம் இறுக்கினால் மறுபக்கம் விளிம்பு எழும்பி, அங்கேதான் தண்ணீர் இறங்கும். ஸ்பேனர் பிடிக்கும் பக்குவம் உனக்கு நன்றாக வரும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இறக்க இரண்டு பேர் வேண்டும்.

போன மாதம் "அப்பா, ஒன்று சொல்லணும்" என்றாய். நான் கேஸ் ட்யூப் மாற்றிய தேதியைக் கேட்டுப் பேச்சைத் திருப்பிவிட்டேன். வேண்டுமென்றேதான் திருப்பினேன். என்ன வருமோ என்று பயம். அம்மாவுக்குப் படத்தைக் காட்டவில்லை.

பிடித்துக்கொள்ள ஆளில்லை என்றால் தேதி சொல், முதல் நாளே வந்துவிடுகிறேன்.

சிலிகான் காயும்வரை, 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. பிறகு தொட்டியை விளிம்புவரை நிரப்பி, அடைப்பை ஒரேயடியாகத் திற. மெல்லத் திறந்துவிட்டால் ஒழுகும் மூட்டு தெரியாது. ஒவ்வொரு மூட்டையும் காய்ந்த காகிதத்தால் சுற்றிப் பிடி. துளி பட்டாலும் காட்டிக்கொடுக்கும்.

சிலிகான் காயும் அந்த ஒரு நாள் உனக்குப் பாத்திர வேலை இருக்காது. கூப்பிடு. குறுக்கே பேசமாட்டேன்.

அப்பா