மின்னலை எண்ணி ரசித்த மாலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாள் முழுவதும் புழுங்கிக் கிடந்த கோடையில், மாலையில் கருமேகம் திரண்டு குளிர்காற்று புழுதியைக் கிளப்பி வரும்போது வீட்டுக்குள் அடங்கியிருக்க யாருக்குத்தான் மனம் வரும்? சென்ற வாரம் நானும் மாடியில் நின்று, மின்னலுக்கும் இடிக்கும் இடையிலான வினாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஏறத்தாழ 3 வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு. பன்னிரண்டு, ஒன்பது, ஐந்து என்று எண்ணிக்கை குறையக் குறைய உற்சாகம் கூடியதே தவிர, இடிமேகம் என்னை நோக்கியே வருகிறது என்பது (வெட்கத்துடன் சொல்கிறேன்) உறைக்கவில்லை.

சில நிமிடங்களில், மழையோடு மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று தரையில் மோதிச் சிதறும்போது எழும் அந்த மூர்க்கமான வீச்சில், எதிர்வீட்டு மரத்தின் பெரிய கிளை முறிந்து காரின் மேல் விழுந்தது. முன்கண்ணாடி சிலந்தி வலைபோல் விரிசல் கண்டது. பிளக்கைப் பிடுங்க மறந்ததால் என் வீட்டு மோடம் கருகிய நெடியுடன் அணைந்துபோனது. அது போனால் போகட்டும். மாடியில் நின்ற நான் தப்பியது தற்செயல்தான்.

மழை பெய்யும் இடத்துக்கு 10 கிலோமீட்டர் அப்பாலும் மின்னல் தாக்கக்கூடும். ஆகவே இடியோசை கேட்டவுடன் உள்ளே செல்ல வேண்டும், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடங்கள் கழித்தே வெளியே வர வேண்டும் என்ற எளிய விதியை, கோடை முடியும்வரை வானிலைச் செய்தியின் அருகே தாங்கள் தினமும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்