காமிக்ஸ் வாசகர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை (வில்லன்கள் ஆண்டு)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் சக வாசகர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இவ்வாண்டு மாத அமர்வுகள் எல்லாவற்றையும் ஒரே பொருளுக்கு ஒதுக்கினோம்: காமிக்ஸ் வில்லன்களும் திரையில் அவர்கள் எடுத்த உருவங்களும். உங்களுக்குப் பிடித்த வில்லன் யார் என்று கைதூக்கிக் கணக்கெடுக்கும் வழக்கத்தை ஒதுக்கிவைத்தோம். ஓவியர் கோட்டில் போட்ட முகத்தை ஒரு நடிகரின் முகத்தில் ஏற்றும்போது எது நிற்கிறது, எது நழுவுகிறது என்ற கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டோம். நடிகரின் கண்ணுக்கும் வாய்க்கும் இடம்விட்ட உருவங்கள் நின்றன, அடைத்துவிட்டவை தடுமாறின என்பதே ஆண்டு முழுக்கப் பார்த்ததில் தெரிந்தது.

அமர்வு நடத்திய முறையைப் பதிவு செய்கிறேன், அடுத்த குழுவுக்கு உதவும். குறிப்பிட்ட காமிக்ஸ் இதழை இரண்டு வாரம் முன்பே சுற்றுக்கு விடுவோம். கூடும் நாளில் ஐந்து நிமிடக் காட்சி ஒன்றை முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் போடுவோம், அடுத்து ஒலியோடு, கடைசியில் திரையை மூடி ஒலியை மட்டும். முதல் இரண்டு அமர்வுகளில் படத்தை முதலில் போட்டது தவறாகப் போயிற்று. படம் பார்த்துவிட்டு இதழைப் புரட்டியவர்கள், வசனக் குமிழிகளை அந்த நடிகரின் குரலிலேயே படித்தார்கள். காகிதத்தில் இருப்பது என்ன என்பதே கண்ணில் படவில்லை. வரிசையை மாற்றிய பிறகுதான் பேச்சு கூர்மையானது.

ஜோக்கருக்கு மட்டும் மூன்று அமர்வுகள் பிடித்தன. 1940-இல் பேட்மேன் முதல் இதழில் வந்த இந்த முகத்துக்கு மூலம், 1928-இல் வெளிவந்த ஒரு பேசாப்படத்தில் கான்ராட் வைட் காட்டிய உறைந்த சிரிப்பு. பல்செட்டில் கொக்கி வைத்து உதட்டோரங்களைப் பின்னுக்கு இழுத்துக் கட்டிய ஒப்பனை அது. அதோடு அவரால் பேச முடியாது. பேசாப்படம் என்பதால் செல்லுபடியாயிற்று. பேசும்படத்தில் ஜோக்கர் பேசியாக வேண்டும். பேசினால் அந்தச் சிரிப்பு கலைந்துவிடும். பல ஆண்டுகளாக ஒப்பனைக் கலைஞர்கள் மல்லுக்கட்டியது இந்த ஒரு முடிச்சோடுதான்.

1966 தொலைக்காட்சித் தொடரில் சீசர் ரொமேரோ மீசையை மழிக்க மறுத்து அதன்மேலேயே வெள்ளை பூசிக்கொண்டார். அண்மைக் காட்சிகளை நிறுத்திப் பார்த்தால் மீசை மேடு தெரியும். 1989-இல் ஜாக் நிக்கல்சனுக்குச் சிரிப்பை ஒட்டுறுப்பாகவே (முகத்தில் ஒட்டும் செயற்கை உறுப்பு) பொருத்தினார்கள். 2008-இல் ஹீத் லெட்ஜருக்குச் சிரிப்பைத் தழும்பாக மாற்றியதில் முடிச்சு அவிழ்ந்தது. கன்னத்தில் தழும்பு சிரித்துக்கொண்டிருக்கும், உதடு தன் போக்கில் பேசலாம், அழலாம், மௌனமாகவும் இருக்கலாம். தழும்புகளைச் சிலிக்கோனில் செய்தவர் கோனர் ஓ'சல்லிவன். வெள்ளை பூசிய ஜான் காலியோன், லெட்ஜரை முகம் சுளிக்கச் சொல்லி மேலே பூசினார். முகத்தைத் தளர்த்தியதும் மடிப்புக்குள் வெள்ளை படாத தோல் ரேகை ரேகையாக வெளிப்பட்டது. நாள்பட்ட அழுக்குபோலத் தோன்றுவதன் இரகசியம் இவ்வளவுதான். லெட்ஜரின் மறைவுக்குப் பின் 2009-இல் கிடைத்த ஆஸ்கரைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். அந்தச் சுளிப்பைப் பற்றியும் பேச வேண்டும் என்பது சங்கத்தின் எண்ணம்.

அடுத்து, பாதி முகம் வெந்துபோன பேட்மேன் வில்லன் டூ-ஃபேஸ். ஒட்டும் ஒப்பனைக்கு ஒரு விதி உண்டு: அது முகத்தில் சேர்க்கும், முகத்திலிருந்து எடுக்காது. கன்னம் வெந்து பல்வரிசை தெரிய வேண்டுமென்றால் இருக்கும் கன்னத்தின் மேல்தான் ரப்பரை ஏற்ற வேண்டும். பள்ளமாக வேண்டிய இடம் மேடாகிவிடும். 1995-இல் டாமி லீ ஜோன்ஸின் பாதி முகம் கொழுத்துத் தெரிவது அதனால்தான். 2008-இல் ஆரன் எக்ஹார்ட்டின் முகத்தில் குறிப்புள்ளிகளை மட்டும் வைத்துப் படம்பிடித்துவிட்டு, கன்னத்தைக் கணினியில் குடைந்தார்கள். 2011-இல் கேப்டன் அமெரிக்காவின் எதிரி ரெட் ஸ்கல்லாக வந்த ஹ்யூகோ வீவிங்குக்கு இரண்டு வழியையும் கலந்தார்கள். மண்டையோடு ஒட்டுறுப்பு, மூக்கை மட்டும் பின்னர் கணினியில் நீக்கினார்கள். இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டிய அமர்வு இவ்வாண்டின் சிறந்த அமர்வு என்று தயங்காமல் சொல்வேன்.

ஸ்பைடர்மேனின் எதிரி கிரீன் காப்லினைக் காமிக்ஸ் பக்கத்தில் பார்த்தால் முகமூடியே நடிக்கும். 1964-இல் ஸ்டீவ் டிட்கோ வரைந்த அந்தப் பச்சை முகம் இளிக்கும், சீறும், சுருங்கும். 2002 படத்தில் அது விறைத்த தலைக்கவசமாகிவிட்டது. மொட்டைமாடியில் இரு முகமூடிகள் எதிரெதிரே நின்று பேசும் காட்சியை ஒலியின்றிப் போட்டபோது, யார் பேசுகிறார் என்பதே பிடிபடவில்லை. அதே படத்தில் வில்லெம் டஃபோ கண்ணாடி முன் தனக்குத்தானே பேசும் காட்சிக்கு ஒலியே தேவைப்படவில்லை. 2021-இல் மீண்டும் வந்தபோது தொடக்கத்திலேயே முகமூடியை உடைத்துவிட்டார்கள். சரியான முடிவு.

நான்கு இயந்திரக் கரங்கள் கொண்ட டாக்டர் ஆக்டோபஸ் (1963, அமேசிங் ஸ்பைடர்மேன் மூன்றாம் இதழ்) பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2004-இல் ஆல்ஃபிரட் மொலினா இடுப்பில் கட்டியது உலோகமும் ரப்பரும் கலந்த கச்சை, ரப்பர் முதுகெலும்பு, எட்டு அடி நீள நுரை ரப்பர் கரங்கள் நான்கு. மொத்த எடை சுமார் 45 கிலோ. ஒரு கரத்துக்கு நான்கு பேர் வீதம் பதினாறு பொம்மலாட்டக்காரர்கள் சேர்ந்து ஒத்திகை பார்த்து ஆட்டினார்கள். லாரி, ஹாரி, மோ, ஃப்ளோ என்று மொலினா கரங்களுக்குப் பெயரே வைத்திருந்தார். கரம் அவர் கன்னத்தருகே வரும்போது அவர் கண் தானாகத் திரும்புகிறது, ஏனென்றால் அங்கே உண்மையில் ஒரு பொருள் வந்து நிற்கிறது. 2021-இல் கரங்கள் முழுக்கக் கணினியில் வந்தன. அசைவு இன்னும் வழவழப்பு. ஆனாலும் அந்தக் கண் திரும்பலை இரண்டாவதில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

பென்குயின் அமர்வு சுருக்கமாகவே முடிந்தது. 1966 தொடரில் இந்தப் பேட்மேன் வில்லனாக வந்த பர்ஜஸ் மெரிடித்தின் வாத்துபோன்ற குவாக் ஒலி, புகைப்பதை விட்டுவிட்டவருக்குக் காட்சிக்காகப் பிடித்த சிகரெட் தொண்டையில் கமறியதால் பிறந்தது. 2022-இல் காலின் ஃபாரலுக்கு மைக் மரினோ செய்த ஒட்டுறுப்பில் ஃபாரலை அடையாளமே தெரியாது. ஆனால் கண் அவருடையது, வாயும் திறந்து மூடுகிறது. 2024-இல் எட்டுப் பகுதித் தொடர் முழுவதையும் அந்த முகம் தாங்கியதற்கு அதுவே காரணம்.

அவெஞ்சர்ஸ் படங்களின் வில்லன் தானோஸில் இதற்கே வேறொரு வழி. 1973-இல் ஜிம் ஸ்டார்லின் உருவாக்கிய பாத்திரம் மரணதேவியின் மேல் கொண்ட காதலால் உயிர்களை அழிக்கும். 2018 படம் அந்தக் காதலை எடுத்துவிட்டு, வளம் போதாது என்ற கணக்கை வைத்தது. காதல் போனதில் உறுப்பினர் பலருக்கு வருத்தமே. ஆனால் ஜோஷ் ப்ரோலினின் முகத்தில் புள்ளிகள் வைத்து, தலையில் மாட்டிய கேமராக்களால் தசையசைவைப் பதிந்து, அதை ஊதா முகத்துக்கு மாற்றிய வேலை வியக்கவைக்கிறது. அழுகையை அடக்கும் தாடை நடுக்கம்கூடத் தெரிகிறது.

ஒப்பனைப் பயிலரங்கு பற்றிய குறிப்பு. மூன்று வழிகளைச் செய்து பார்த்தோம்.

லேடெக்ஸ்: திரவ லேடெக்ஸை மெல்லிசாகத் தடவி, ஓரம் கிழித்த டிஷ்யூத் தாளை ஒட்டி, காயவைத்து, மீண்டும் தடவ வேண்டும். நான்கைந்து அடுக்கு போதும். கத்தரியால் வெட்டிய ஓரம் கோடாகத் தெரியும், ஆகவே கையால்தான் கிழிக்க வேண்டும். புருவத்தில் வாசலின் தடவாமல் லேடெக்ஸ் பட்டால் முடியோடு வரும். பலூன், ரப்பர் கையுறை பட்டால் அரிக்கும் என்பவர்கள் இதைத் தொடவே கூடாது. மற்றவர்களும் முன்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி 24 மணி நேரம் பார்த்துவிட்டு வர வேண்டும்.

ஜெலட்டின்: ஜெலட்டின் தூள், கிளிசரின், தண்ணீர் தலா ஒரு மேசைக்கரண்டி. வெந்நீர்ப் பாத்திரத்துள் வைத்து உருக்கி, மணிக்கட்டில் வைத்துச் சூடு பொறுக்கிறதா என்று பார்த்த பின்பே முகத்துக்குப் போக வேண்டும். தழும்பு, தீக்காயம் அருமையாக வருகிறது. ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை பட்டு ஓரம் கரைந்து உரிகிறது. புகைப்படத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், ஊர்வலத்துக்கு ஆகாது. ஜெலட்டின் விலங்குத் தோல், எலும்பிலிருந்து வருவதால், போட்டுக்கொள்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை.

சிலிக்கோன்: இரண்டு பாகங்கள், 100 கிராமுக்கு 100 கிராம், கண்ணளவில் இல்லாமல் தராசில் நிறுத்து. முதல் முறை ஊற்றியது மறுநாளும் பிசுபிசுவென்றே இருந்தது. கலவையில் பிழையில்லை, கலக்கியவர்கள் போட்டிருந்தது லேடெக்ஸ் கையுறை. பிளாட்டின வகைச் சிலிக்கோனைக் கந்தகச் சேர்மங்கள் இறுகவிடாது. கந்தகம் கலந்த களிமண்ணில் எடுத்த அச்சிலும் இதே கதிதான். நைட்ரைல் கையுறைக்கு மாறியதும் சரியாயிற்று. ஒட்டிய துண்டைக் கழற்றும்போது பிய்க்கக் கூடாது, பசைநீக்கியைத் தூரிகையால் ஓரத்தில் விட்டுப் பொறுமையாக எடுக்க வேண்டும். 2018-இல் பிளாக் பாந்தர் படத்தின் வில்லன் கில்மோங்கராக வந்த மைக்கேல் பி. ஜோர்டானுக்கு 90 தனித்தனிச் சிலிக்கோன் தழும்புகளை ஒட்ட இரண்டரை மணி நேரம் ஆனது. நாம் ஒரு கன்னத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்ததில் தவறில்லை.

குரல் பற்றியும் ஒரு அமர்வு. முகமூடியால் வாயை முழுக்க மூடிய பேட்மேன் வில்லன் பேன் நம் முடிவுக்கு விலக்குபோலத் தெரிவார். 2011 டிசம்பரில் முன்னோட்டமாகக் காட்டிய தொடக்கக் காட்சியில் டாம் ஹார்டி பேசுவது புரியவில்லை என்று ரசிகர்கள் முறையிட்டார்கள். 2012-இல் வெளிவந்தபோது அவர் குரலை ஒலிக்கலவையில் உயர்த்தியிருந்தார்கள். முகம் அடைபட்ட குறையைக் கண்ணும் புருவமும் ஈடுகட்டுகின்றன. தமிழ் டப்பிங்கில் அந்தப் பேச்சின் விசித்திர இராகம் கைநழுவுகிறது. 2019-இல் எண்ட்கேம் தமிழில் அயர்ன்மேனுக்கு விஜய் சேதுபதி பேசியபோது ரசிகர்கள் ஏமாந்ததும் இதை ஒட்டியதே. நன்கு அறிமுகமான குரல் பாத்திரத்துக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறது.

திரையிலிருந்து காகிதத்துக்குப் போனவர்களும் உண்டு. ஜோக்கரின் கூட்டாளி ஹார்லி க்வின் பிறந்தது 1992 பேட்மேன் அனிமேஷன் தொடரில். காமிக்ஸுக்குள் நுழைந்தது அடுத்த ஆண்டு. 1959-இல் மிஸ்டர் ஜீரோ என்ற பெயரில் வந்த உதிரி வில்லனுக்கு மிஸ்டர் ஃப்ரீஸ் என்ற பெயரைத் தந்தது 1966 தொடர், உறைந்துகிடக்கும் மனைவி நோராவைத் தந்தது 1992 தொடர். 2012-இல் காமிக்ஸ் அந்தத் திருமணத்தையே அவருடைய மனப்பிரமை என்று மாற்றியது. அந்த மாற்றத்தைச் சங்கத்தில் யாரும் ஏற்கவில்லை.

நம் மொழிக்கும் இதில் ஒரு பாத்தியதை இருக்கிறது. 1972-இல் முத்து காமிக்ஸ் முதல் இதழாகத் தந்த இரும்புக்கை மாயாவி, மூலக்கதையின் தொடக்கத்தில் குற்றவாளி. லயன் காமிக்ஸின் ஸ்பைடரும் (ஸ்பைடர்மேன் அல்ல) குற்றவுலகை ஆள வந்தவர்தான். வில்லனை நாயகனாகக் கொண்டாட நம் வாசகருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நூலகம்: பழைய இதழ்களின் துருப்பிடித்த ஊக்குகளை அகற்றிப் பருத்தி நூலால் தைத்தோம். ஒட்டுநாடா ஒட்டி வந்தவற்றை ஏற்க முடியவில்லை, பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடுகிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார்.

வரும் ஆண்டின் முதல் அமர்வு டாக்டர் டூம். இரும்பு முகமூடியைக் கழற்றாத வில்லன். ராபர்ட் டௌனி ஜூனியர் அவராக நடிப்பதாக 2024 ஜூலையில் அறிவித்தார்கள். முகத்தில் தெரிவது கண் மட்டுமே. நம் முடிவுக்கு இதைவிடக் கடினமான சோதனை கிடைக்காது. 1962-இல் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் ஐந்தாம் இதழை வாங்கிப் படித்துவிட்டு வரவும். நைட்ரைல் கையுறை ஒரு சோடி அவரவர் கொண்டுவரவும்.

செயலாளர்