பக்கத்துப் படுக்கைக்குப் போகாத கிருமி

பாளையங்கோட்டையில் எங்க அப்பா 23 நாள் கிடந்த ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கிற எல்லாருக்கும்,

வணக்கம். அப்பா பிழைத்ததற்கு டிஸ்சார்ஜ் அன்றைக்கே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்ட ஒரு நன்றி இருக்கிறது, அதற்குத்தான் இந்த மடல்.

நிமோனியாவோடு கல்லிடைக்குறிச்சியில் இருந்து கொண்டுவந்து வென்டிலேட்டரில் வைத்த ஆறாம் நாள், சளியில் கிளெப்சியெல்லா என்கிற கிருமி வளர்ந்திருப்பதாக கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. மெரோபெனெம் என்கிற வீரியமான ஆன்டிபயாட்டிக்குக்கே அது மசியவில்லை. டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: “இந்தக் கிருமி மருந்தை உடைக்கிற வித்தையைத் தனக்குள்ளேயே வச்சிருக்காது. பரீட்சை ஹால்ல பிட்டு கைமாறுற மாதிரி மத்த கிருமிக்கும் கொடுத்திடும்.” பிறகு கேட்டார், “மூணு மாசத்துல அப்பா என்னென்ன ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாங்க?” எனக்கு எண்ணிச் சொல்லத் தெரியவில்லை. தும்மினால் மூன்று, இருமினால் ஐந்து என்று சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிக் கொடுத்தது நான்தான். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருந்ததை அதுவரை டிசைன் என்றே நினைத்திருந்தேன்.

அன்று மாலையே அப்பாவை மூலையில் இருந்த கண்ணாடித் தடுப்புக்குள் மாற்றினீர்கள். அவருக்கென்று தனி ஸ்டெதஸ்கோப், தனி பி.பி. பட்டை, வாசலில் கவுனும் கையுறையும். எங்களில் ஒருவருக்கு மட்டும், பத்து நிமிஷம். எனக்கு வந்த கோபத்தை வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டிருப்பார்கள். அதற்கு மன்னிப்பு.

அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு நாள் பார்த்தது மறக்காது. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். அப்பாவைத் தொடவே இல்லை, கட்டில் கம்பியில் கைவைத்து சார்ட்டைப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றிப் போட்டு நகர்ந்தார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காத அந்தச் சின்ன சிஸ்டர், “சார், கை” என்றார். அவ்வளவுதான். அவர் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி, சானிடைசரை அழுத்தி, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று காயும்வரை தேய்த்தார். கையுறை போட்டிருந்தாலும் கழற்றியதும் கை சுத்தம் பண்ண வேண்டும், நோயாளியைத் தொடாமல் கட்டிலை மட்டும் தொட்டாலும் பண்ண வேண்டும் என்று அப்புறம் அந்த சிஸ்டரே சொன்னார். சொன்ன வாய்க்கும் கேட்ட காதுக்கும் சேர்த்து நன்றி.

துப்புரவு பார்க்கும் அக்காவுக்குத் தனியாக ஒன்று. கட்டில் கம்பி, மானிட்டர் பட்டன், பம்ப், கதவுப்பிடி என்று கை படுகிற இடமாகப் பார்த்துத் துடைப்பீர்கள். ஒரு கட்டிலைத் தொட்ட துணி அடுத்த கட்டிலைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கொலிஸ்டின் என்று 1950களில் வந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறதென்று ஒதுக்கி வைத்திருந்த மருந்தைத்தான் அப்பாவுக்குத் தேடிப்பிடித்து ஏற்றினார்கள். சிறுநீரகம் கெடுவதைக் காட்டுகிற கிரியேட்டினின் ரத்தத்தில் கூடிவிடுமோ என்று தினமும் பயந்தோம். அப்படிப்பட்ட மருந்து அடுத்த படுக்கைக்கும் தேவைப்படாமல் பார்த்துக்கொண்டதில் உங்கள் துணிக்குப் பெரிய பங்கு உண்டு.

வாசலில் நின்ற செக்யூரிட்டி அண்ணாச்சிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்க அத்தை நெல்லையப்பர் கோயில் திருநீற்றோடு வந்து, “திருநீறக் கூடவாய்யா கொண்டுபோகக் கூடாதுங்கிய?” என்று சண்டை பிடித்தபோது நீங்கள் குரலே உயர்த்தவில்லை. “ஆச்சி, சாமி இங்கயே நிக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன்” என்றீர்கள். கடைசியில் சிஸ்டர் அந்தப் பொட்டலத்தை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, அப்பா கண்ணில் படுகிற மாதிரி கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒட்டிவைத்தார்.

அப்பாவுக்குப் பக்கத்துப் படுக்கையில் பைக்கில் விழுந்த ஒரு பையன் இருந்தான். முதல் ஆறு நாளும் இருவருக்கும் நடுவில் ஒரு திரைதான். அவன் அம்மாவும் நானும் வராந்தாவில் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டோம். ரிப்போர்ட் வந்தபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நம்ம வீட்டுக் கிருமி அந்தப் பிள்ளைக்கு ஏறிவிட்டால்? அவனுக்கும் டெஸ்ட் எடுத்தீர்கள். ஒரு காலையில் அந்த அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “எம்பிள்ளைக்கு ஒண்ணும் ஒட்டலயாம்மா, சுத்தமா இருக்காம்” என்று அழுதார். நானும் அழுதேன். ஏன் அவரைவிட அதிகமாக அழுகிறேன் என்று அவருக்குத் தெரியாது.

அந்த நன்றியைத்தான் அன்றைக்குச் சொல்லவில்லை.

அப்பா இப்போது காலையில் இரண்டு மணி நேரம் பலசரக்குக் கடையில் உட்காருகிறார். திருநீற்றுப் பொட்டலம் கவரோடு கல்லாப்பெட்டிக்குள் இருக்கிறது. அத்தை ஊரிலிருந்து வந்து தன் கையால் பூசினால்தான் பிரிப்பாராம். கை கழுவிவிட்டு, என்று வேறு சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
கண்ணாடித் தடுப்பு நோயாளியின் மகள்