செயலாளரின் ஆண்டறிக்கை: சில்வியாவைத் தொடர்ந்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வானியல் மன்ற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். என் அறிக்கையில் பெரும்பகுதி ஒரே ஒரு புள்ளியைப் பற்றியது. ஒரு பருவம் முழுவதும் ஒரே சிறுகோளைத் தொடரலாம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவானது. 87 சில்வியாவைத் தேர்ந்தெடுத்தோம்.

1866 மே 16 அன்று சென்னை வான் ஆய்வகத்திலிருந்து நார்மன் போக்சன் கண்டுபிடித்த சிறுகோள் இது. விண்மீன்களின் பொலிவை நாம் இன்றும் அளக்கிற அளவுகோலுக்குக் கணக்கு வகுத்தவரும் அவர்தான். எண் கூடக் கூடப் பொலிவு குறையும் அந்தக் கணக்கில் சில்வியா, நன்றாகத் தெரியும் காலத்திலேயே 12-ஐ ஒட்டி நிற்கிறது. வெறுங்கண்ணுக்கு எட்டும் கடைசி விண்மீனைவிட 200 மடங்குக்கு மேல் மங்கல்.

முதல் இரவு நாங்கள் வட்டமிட்டுக் குறித்தது வேறொரு விண்மீனை. மறுநாளும் அது அதே இடத்தில் இருந்தபோதுதான் தவறு புரிந்தது. சரி என்று, இரண்டு இரவுப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும், நிலவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு, மேற்கே நகர்ந்திருந்தது. அங்கிருந்த யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தொலைவே ஒரு வானியல் அலகு. சில்வியா சூரியனிலிருந்து சராசரியாக 3.48 அலகு, அதாவது 52 கோடி கிலோமீட்டர் தள்ளிச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஆறரை ஆண்டு. 3.27 அலகை ஒட்டி, வியாழனின் ஈர்ப்பு சிறுகோள்களை ஏறக்குறையத் துடைத்தெடுத்த இடைவெளி உண்டு. அதற்கும் அப்பால், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சிறுகோள் பட்டையின் வெளியோரத்தில் இருக்கிறது சில்வியா.

அப்புறம் கேமராவைப் பொருத்தி விடிய விடியப் பொலிவை அளந்தோம். ஓர் உச்சத்திலிருந்து அடுத்த உச்சத்துக்கு இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இரண்டு உச்சம் சேர்ந்தது ஒரு சுழற்சி: 5 மணி 11 நிமிடம். அகலப் பக்கத்தைக் காட்டும்போது ஒளி கூடுகிறது, முனையைக் காட்டும்போது குறைகிறது. நீளம் சுமார் 360 கிலோமீட்டர், அகலம் 250, தடிமன் 190. மேற்பரப்பு கரிபோல் கறுத்தது. விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குகூடத் திரும்புவதில்லை.

அதன் இரு துணைக்கோள்கள் நம் தொலைநோக்கிக்கு எட்டாதவை. இருந்தாலும், என்னை அதிகம் ஈர்த்தவை அவைதான். ரோமுலஸ் 2001-இல் ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கியில் தெரிந்தது. ரீமஸ் 2005-இல் அறிவிக்கப்பட்டது. இரண்டு துணைக்கோள் கொண்ட சிறுகோளாக முதலில் அறியப்பட்டது சில்வியாவே. ரோமுலஸ் சுமார் 1,360 கிலோமீட்டர் தொலைவில் மூன்றரை நாளுக்குச் சற்றே கூடுதலாக எடுத்துச் சுற்றுகிறது. ரீமஸ் 700 கிலோமீட்டரில், 33 மணி நேரத்தில். தொலைவும் காலமும் தெரிந்தால் தாய்க்கோளான சில்வியாவின் நிறை கிடைத்துவிடும். நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம்! கெட்டிப் பாறை இவ்வளவு லேசாக இருக்காது. உள்ளே வெற்றிடங்கள் நிறைய இருக்க வேண்டும். சிதறிய துண்டுகள் மறுபடி ஒன்றுகூடிய குவியல் என்று கருத அதுவே வலுவான காரணம். அருகே போய்த் தொட்டவர் யாருமில்லை. ஒளியையும் நேரத்தையும் வைத்தே இவ்வளவும் தெரிந்துவிட்டது.

பூமி மறுபடி அதற்கு நேராக வர 14 மாதம் ஆகும். அதற்குள் கேமராவின் நேரக் குறிப்பைச் சரிசெய்து தர வேண்டும். இரவுகளில் கண்விழித்த அனைவருக்கும் நன்றி. அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்