தராசில் ஏறிய மோதிரம்: வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளி வரலாற்று ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் பேத்தி சென்ற வாரம் வியட்னாம் போர்ப் பாடத்தை என்னிடம் ஒப்பித்தாள். 1968 டெட் தாக்குதல், 1973 பாரிஸ் உடன்பாடு, 1975 ஏப்ரல் 30 சைகோன் வீழ்ச்சி என்று ஒன்றையும் தவறவிடவில்லை. “நம் ஊருக்கும் இதற்கும் என்னம்மா சம்பந்தம்?” என்று கேட்டேன். “அது நம் போர் இல்லையே தாத்தா” என்றாள்.

நாம் படை அனுப்பவில்லை. அந்த மட்டில் அவள் சொன்னது சரி. ஆனால் இங்கே சுத்திகரித்த எண்ணெய் தென் வியட்னாமுக்குப் போனது. அமெரிக்க வீரர்கள் விடுப்பில் இங்கே வந்து காசைக் கொட்டினார்கள். பிரிட்டிஷார் இங்கிருந்த ராணுவத் தளத்தைக் காலி செய்யப்போவதாக 1968இல் அறிவித்து, அதை நம்பிப் பிழைத்த செம்பவாங்கே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. வந்த காசை யார் வேண்டாம் என்பார்கள்?

1974 ஜனவரி 31 அன்று நால்வர் நம் புக்கோம் தீவு எண்ணெய் ஆலைக்குள் புகுந்து குண்டு வைத்தார்கள். பிறகு ‘லாஜு’ படகைக் கைப்பற்றிப் பணியாளர்களைப் பிணை பிடித்தார்கள். தென் வியட்னாமுக்குப் போகும் எண்ணெயை நிறுத்துவதே நோக்கம் என்றார்கள். ‘நம் போர் இல்லை’ என்று நாம் சொல்லிக்கொண்டது அவர்கள் காதில் விழவில்லை போலும்.

அடுத்த ஆண்டு வியட்னாம் அகதிகளின் படகுகள் வந்தன. 1975 மே மாதம் வந்த 8,000க்கும் மேற்பட்டோருக்கு உணவும் நீரும் எரிபொருளும் கொடுத்துக் கடலுக்கே அனுப்பிவைத்தோம். 1978இல் ஹாக்கின்ஸ் சாலையில் முகாம் திறந்தது. 90 நாளில் அழைத்துக்கொள்வதாக வேறொரு நாடு உறுதி தந்தால்தான் உள்ளே இடம். சின்னத் தீவு, வேறு வழியில்லை என்ற வாதம் எனக்கும் புரிகிறது. உறுதி கிடைக்காதவர்களின் படகுகள் எந்தக் கரையைத் தொட்டன என்பதுதான் உறுத்துகிறது.

அப்போது முகாமுக்குப் பக்கத்தில், சோங் பாங்கில் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். 1979இல் ஒரு நாள், முகாமிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தார். பால்மாவு டின்னைக் காட்டினார். கையில் காசில்லை. குழந்தையின் சட்டை ஓரத்தைப் பல்லால் கடித்துத் தையலைப் பிரித்து ஒரு மோதிரத்தை எடுத்து வைத்தார். நாட்டு மருந்து நிறுக்கும் சின்னத் தராசில் அப்பா அதை நிறுத்தார். பால்மாவு, அரிசி, கொஞ்சம் வெள்ளி நோட்டுகள் கொடுத்தார். அந்த எடைக்கு அது குறைவு என்பது பக்கத்தில் நின்ற எனக்கே தெரிந்தது. அப்பா கெட்டவர் இல்லை. ஆனாலும் கொடுத்தது குறைவுதான்.

அமெரிக்கா வியட்னாமில் போரிட்டதால்தான் தென்கிழக்காசியாவுக்குக் கம்யூனிசம் பரவாமல் மூச்சுவிட அவகாசம் கிடைத்தது என்பது அன்றைய பிரதமர் திரு லீ குவான் இயூவின் வாதம். அதையும் பிள்ளைகள் படிக்கட்டும். 1966இலேயே அமெரிக்காவின் தலையீட்டை எதிர்த்து இங்கே இயக்கம் நடத்திய பாரிசான் சோசியாலிஸ் என்ற எதிர்க்கட்சியையும் படிக்கட்டும். இந்தப் போரில் மாண்ட அமெரிக்கர்களுக்கான வாஷிங்டன் நினைவுச் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. மில்லியன் கணக்கில் மாண்ட வியட்னாமியருக்கு அப்படி ஒரே சுவர் கட்டினால் அது எவ்வளவு தூரம் நீளும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். அதே போர்க்காலத்தில் பக்கத்து நாடான லாவோசில் அமெரிக்கா கொட்டிய 2 மில்லியன் டன் குண்டுகளில் வெடிக்காதவை இன்றும் மண்வெட்டியில் தட்டுப்படுகின்றன. நமக்குக் கிடைத்த அவகாசத்துக்கு லாவோஸ் விவசாயி எதற்காகக் காலை இழக்க வேண்டும் என்று ஒரு மாணவராவது கேட்டால் போதும். பதில் என்னிடமும் இல்லை.

அந்த மோதிரத்தை அம்மா ஒரு நாளும் விரலில் போட்டதில்லை, விற்கவும் விடவில்லை. இப்போது என் அலமாரியில் இருக்கிறது. அழைத்தால் வகுப்புக்குக் கொண்டுவருகிறேன். தராசும் இருக்கிறது.

இப்படிக்கு,
சோங் பாங் பழைய கடைக்காரர் மகன்