பாப்பாவுக்கு, துப்பாக்கி மருந்து மாற்றியதைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது என் சட்டையில் இருக்கும் கறையெல்லாம் அவளுக்குத் தெரிகிறது. மற்றதை அவளே போனில் சொல்வாள், நான் எழுத உட்கார்ந்தது நீ அனுப்பிய போட்டோவைப் பற்றி.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பிரமாதம். 100 மீட்டரில் ஐந்து குண்டும் ஒரே ஓட்டை, ஒரு இலை கிழிந்த மாதிரி. பிரிண்ட் எடுத்து, தோட்டா நிரப்பும் ப்ரெஸ்ஸுக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன். உன் வயதில் நான் சுட்ட ஐந்து குண்டை மூட ஒரு காபி டபரா வேண்டியிருந்தது. சித்தப்பாவிடம் காட்டினேன், "இது உன் கை இல்லை, அண்ணி கை" என்றான். சொல்லிவிட்டுப் போகட்டும்.

"புது பவுடர் நல்லா வேலை செய்யுதுப்பா." இவ்வளவுதான் எழுதியிருந்தாய். பவுடர் என்று நீ எழுதுகிறாய், எனக்கு அது இன்னமும் மருந்துதான். எந்த மருந்து, எத்தனை கிரெய்ன் எடை, எந்த லாட், ஒன்றும் இல்லை. கேட்டால் போன தடவை மாதிரி ஆகிவிடுமோ என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், அப்புறம் இரண்டு மெசேஜ் போட்டேன், பார்த்துவிட்டாய் என்று காட்டுகிறது. வேலை இருக்கும். மூன்று வாரம்கூட வேலை இருக்கும்தான்.

போட்டோவின் ஓரத்தில் டப்பாவின் லேபிள் பாதி தெரிந்தது, அதைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் ரீலோடர் 16 என்று கண்டுபிடித்தேன். இத்தனை வருஷம் ஹெச்4350 போட்டு வந்தவள், அது கிடைக்காமல் மாறியிருப்பாய், தப்பே இல்லை, நல்ல மருந்துதான். ஆனால் எரியும் வேகப் பட்டியலில் இரண்டும் பக்கத்து வீடு என்பதற்காகப் பழைய எடையையே எடுத்துப் போட்டுவிடவில்லையே? அந்தப் பட்டியல் யார் முன்னால், யார் பின்னால் என்று மட்டும்தான் சொல்லும், நடுவில் எவ்வளவு தூரம் என்று சொல்லாது. பேர் ஒன்றாக இருந்தாலே நம்ப முடியாது. ஹெச்4831, ஐஎம்ஆர் 4831, நம்பர் ஒன்றுதான், ஐஎம்ஆர் வேகமாக எரியும், ஒன்றின் எடையை இன்னொன்றுக்குப் போட்டால் வம்பு. நான் சொல்லித்தான் உனக்குத் தெரிய வேண்டும் என்றில்லை, நீயே போன வருஷம் யாருக்கோ வகுப்பு எடுத்தாய் என்று அம்மா சொன்னாள். இருந்தாலும் சொல்கிறேன்.

கையேட்டில் போட்டிருக்கும் உச்ச எடையிலிருந்து பத்து சதவீதம் கீழே தொடங்கி, 0.3 கிரெய்னாக ஏறு. அதற்காக இன்னும் கீழே போனால் இன்னும் பத்திரம் என்று நினைக்காதே, மெதுவாக எரியும் மருந்தைப் பித்தளைக் கேஸில் அரைகுறையாகப் போட்டால் அதிலும் சில சமயம் அழுத்தம் எகிறும், தொடக்க எடை என்று ஒன்றை அச்சடித்திருப்பது அதற்காகவும்தான். மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரையும் கூடவே மாற்றினாயா? ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பென்ச்சில் ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும்.

ஐந்து சுட்டு எஸ்டி, அதாவது வேகத்தின் திட்ட விலக்கம், 6 என்று டார்கெட்டின் மூலையில் எழுதியிருக்கிறாய், வட்டம் வேறு போட்டிருக்கிறாய். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பெண் நீ, உனக்கே தெரியும், ஐந்து அளவை வைத்துக்கொண்டு 6 என்றால் உண்மையில் அது 3.6-ஆகவும் இருக்கலாம், 17-ஆகவும் இருக்கலாம். எடையைப் படிப்படியாக ஏற்றிச் சுடும் ஏணி டெஸ்ட் வைத்து, வேகம் ஏறாமல் சமமாக நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எல்லோரும் குதிப்பார்கள், அதையே இன்னொரு நாள் இருபது தோட்டாவோடு சுட்டுப் பார், அந்தச் சமவெளி கரைந்து போயிருக்கும். நானும் குதித்திருக்கிறேன். மூன்று மூன்றாகச் சுட்டு முடிவு கட்டி எத்தனை பேரலைத் தேய்த்திருக்கிறேன் என்று உன் அம்மாவைக் கேள், கணக்கு வைத்திருக்கிறாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டார்கெட்டுக்குப் பக்கத்தில் காலிக் கேஸ் ஐந்தையும் அடிப்பக்கம் தெரிகிற மாதிரி வரிசையாக நிறுத்தியிருக்கிறாய் இல்லையா. இடமிருந்து நாலாவது. எழுத்து பொறித்த வளையத்தில், ஒரு எழுத்தின் மேல் பாதி நிலா மாதிரி ஒரு பளபளப்பு. ஜன்னல் வெளிச்சம் பட்டதாகவும் இருக்கலாம். ஆனால் மற்ற நாலிலும் அந்த இடத்தில் வெளிச்சம் படவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், பிரிண்டில் லென்ஸ் வைத்தால் புள்ளிதான் தெரிகிறது. அது, காலிக் கேஸை வெளியே தள்ளும் எஜெக்டரின் ஓட்டைக்குள் பித்தளை பிதுங்கி, துப்பாக்கியின் போல்ட் திரும்பும்போது தேய்ந்த தடம் என்றால், நீ அழுத்தக் கோட்டைத் தாண்டிவிட்டாய் என்று அர்த்தம். உன் 6.5 கிரீட்மூர் தோட்டாவுக்கு சாமி, அதாவது அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர் சங்கம், போட்ட கோடு 62,000 பிஎஸ்ஐ. ("எந்தச் சாமிப்பா?" என்று நீ கேட்டு, உன் பாட்டி கையைக் கூப்பியதை நினைத்தால் இப்பவும் சிரிப்பு வருகிறது.) பித்தளை கோடு தாண்டும்போது சொல்லாது, தாண்டிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் சொல்லும். பிரைமர் தட்டையாவதும் அப்படித்தான், அதை மட்டும் நம்பாதே, சில பிரைமர் சாதாரண அழுத்தத்திலேயே தட்டையாகும். போல்ட் எப்படி இருந்தது? தூக்கும்போது பிசின் ஒட்டின மாதிரி ஒரு பிடிப்பு இருந்ததா? அந்தக் கேஸில் திரும்பப் புது பிரைமர் போடும்போது வழக்கமான இறுக்கம் இருந்ததா, வழுக்கிக்கொண்டு போனதா? வேகம் அளக்கும் குரோனோகிராஃப் என்ன சொன்னது? அந்த எடைக்குக் கையேட்டில் இருப்பதைவிட வேகம் அதிகமாக வந்திருந்தால் அது அதிர்ஷ்டம் இல்லை, அழுத்தம். வேகம் சும்மா ஏறாது.

நீ சுட்டது காலைக் குளிரில் என்று நினைக்கிறேன், போட்டோவில் ஸ்வெட்டர் கை தெரிகிறது. குளிரில் சரியாக இருந்தது வெயிலில் இருக்காது. அதே தோட்டாவை வெயில் நேரத்தில் குரோனோகிராஃபில் பார்க்காமல் மேட்சுக்கு எடுத்துப் போகாதே, சுட்டுச் சுட்டுச் சூடான சேம்பரில் தோட்டாவை விட்டுவிட்டு யாருடனும் பேசிக்கொண்டு நிற்காதே, உள்ளே இருக்கும் மருந்தும் சேர்ந்துதான் சூடாகும். அடுத்த டப்பா வாங்கினால் லாட் நம்பரைப் பார், மாறியிருந்தால் திரும்பக் கீழேயிருந்து வா. தராசை அரை மணி நேரம் முன்னாலேயே போட்டுவை, ஃபேனை நிறுத்து, செக் வெயிட்டை வைத்துப் பார். பென்ச்சில் ஒரு டப்பா.

இரண்டு தடவை எழுதிவிட்டேன், நானே பார்க்கிறேன். போட்டோவில் ரீலோடர் டப்பாவுக்குப் பின்னால் இன்னொரு டப்பாவின் மூடி தெரிகிறது, பாப்பா. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன். மூன்று வாரமாக எஜெக்டர் தடத்தைவிட அந்த மூடிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நம் பென்ச்சில் நிரப்பிய தோட்டா எகிறிய அந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். நான் சுட்டதும், போல்டை மரச்சுத்தியால் தட்டித் திறந்ததும், என் கண்ணாடியில் பித்தளைத் துகள் ஒட்டியிருந்ததும் உனக்குத் தெரியும். கேஸ் கோளாறு என்று எல்லோரிடமும் சொன்னேன். அத்தை வந்தபோது, "பாப்பாதானே டப்பா எடுத்துக் கொடுத்தா, மாத்தி எடுத்துட்டாளோ" என்றாள், நீ கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாய், நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் மாத்தி எடுத்துட்டேனாப்பா?" என்று கேட்டாய். "தெரியலைம்மா, தூங்கு" என்றேன்.

எனக்குத் தெரியும். நீ கேட்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே தெரியும்.

மீதித் தோட்டாவையெல்லாம் பெட்டியில் இருந்த வரிசைப்படி எடுத்து, குண்டைக் கழற்றி, மருந்தை வெள்ளைத் தாளில் தனித்தனியாகக் கொட்டினேன். முதலாவதுதான் சுட்டது; இரண்டு, மூன்று, நாலு ஆகிய மூன்றிலும் உருண்டை உருண்டையாக, மினுமினுப்பாக, கசகசா மாதிரி. ஐந்தாவதில் பாதி உருண்டை, பாதி குச்சி. ஆறிலிருந்து கடைசி வரை சுத்தமாகக் குச்சி. குச்சிதான் நீ எடுத்துக் கொடுத்தது. நீ சரியான டப்பாவைத்தான் எடுத்துக் கொடுத்தாய். முதல் நாள் ராத்திரி சின்னத் தோட்டாவுக்காக, மருந்தை இறக்கும் ஹாப்பரில் போட்ட வேகமான மருந்தை நான் காலி பண்ணாமல் போய்ப் படுத்துவிட்டேன், காலையில் அதன் தலையிலேயே உன் டப்பாவைக் கவிழ்த்தேன். அடியில் இருந்தது முதலில் இறங்கியது. தராசு எடையைப் பார்த்தது, சரி என்றது, அது நிறுத்தது எந்த மருந்து என்று தராசுக்கு எப்படித் தெரியும். நான் எண்ணைப் பார்த்தேன், தட்டைப் பார்க்கவில்லை. இரண்டு டப்பாவும் பென்ச்சிலேயே இருந்தன. நீ அன்றைக்கு இடது பக்கம் நின்றிருந்தாய், வாயு போனது வலது பக்கம். இதற்கு மேல் அதைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை.

அந்தத் தாள்களை மடித்துத் தூக்கிப் போட்டுவிட்டு வந்துதான் "தெரியலைம்மா" என்றேன். அப்புறம் இரண்டு வருஷம் நீ பென்ச் பக்கமே வரவில்லை, அம்மா பரீட்சை என்றாள், நானும் பரீட்சை என்றேன். திரும்ப வந்தபோது ஒவ்வொரு டப்பாவையும் எடுத்து லேபிளைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் என்னிடம் நீட்டுவாய், எவ்வளவு பொறுப்பு பார் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், இப்போது எழுதும்போது கை கூசுகிறது. போன தடவை போனில் "உனக்கு என்ன தெரியும்" என்று கத்தினேனே, நீ ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாயே, எந்த நாளை நினைத்து வைத்தாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

பழைய நோட்டை இன்று காலையில் எடுத்தேன். அந்தத் தேதிக்கு நேரே "கேஸ் கோளாறு" என்று என் கையெழுத்தில் இருக்கிறது, அதற்குக் கீழே "டப்பா எடுத்தது: பாப்பா" என்று இருக்கிறது. ஏன் அதை எழுதினேன் என்று எனக்கே தெரியவில்லை, இல்லை, தெரியும். இரண்டு வரியையும் அடித்துவிட்டு நடந்ததை எழுதியிருக்கிறேன். அத்தைக்கும் நானே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு அம்மாவின் கண்ணைப் பற்றிக் கேட்டாள்.

நோட்டின் பக்கத்தைப் படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த நாலாவது கேஸைத் தூக்கிப் போட்டுவிடாதே, அடிப்பக்கத்தைக் கிட்டேயிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு. ஒன்றும் எழுத வேண்டாம், படம் போதும்.

அப்பா