கெரானில் ஒரு எஞ்சின், காரில் வேறொரு எஞ்சின்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் பகுதியில் ஒருவர், பழைய கார்களை மாற்றியமைத்து ஓட்டும் நம் தோட்டத்துப் பையன்கள் எல்லாரையும் சேர்த்து ரௌடிக் கூட்டம் என்று எழுதியிருந்தார். படித்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. நடுராத்திரியில் சைலன்சரைக் கழற்றிவிட்டு ஊரையே எழுப்புகிறவர்களுக்கு நான் பரிந்து பேச வரவில்லை. ஆனால் என் பட்டறைக்கு வந்து நிற்கும் பையன்களில் பெரும்பாலானவர்களுக்கு, சரியான விவரம் சொல்ல வீட்டிலும் ஆளில்லை, வெளியிலும் ஆளில்லை. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் இருப்பது சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயாவில். 2007இல் பெயர் மாறியது. எங்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பாலெடுக்க மரம் வெட்டினார். தோட்டத்து அலுவலகத் தலைமை எழுத்தரான பெரிய கிராணியின் மோரிஸ் மைனர் காரைச் சனிக்கிழமைதோறும் கழுவித் துடைப்பது சின்ன வயதில் என் வேலை. ஒருநாள் அவர் பானட்டைத் திறந்து, எது கார்புரேட்டர், எது டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். செம்பனை ஆலையில் பிட்டராகச் சேர்ந்து, 1984இல் முதல் காரை வாங்கினேன். டாட்சன் 120ஒய். அதன்பின் இன்றுவரை 17 கார்கள் என் கைக்கு வந்து போயிருக்கின்றன. பாதிக்கு மேல் காசு கொடுத்து வாங்கியவை அல்ல. சம்பள நாள் கழிந்த ஞாயிறு, சீனர் காப்பிக்கடையில் உட்கார்ந்து பேசி முடிப்போம்: காருக்குக் கார், மேலே கொஞ்சம் வெள்ளி (ரிங்கிட்). என் 120ஒய் இப்படித்தான் டொயோட்டா கொரோல்லா கேஇ70 ஆனது. அந்தக் கேஇ70தான் எனக்கு எல்லாம் கற்றுக் கொடுத்தது.

அதில் வருவது 4கே எஞ்சின், 1290 சிசி. முரட்டு எஞ்சின், சாகவே சாகாது, ஆனால் வேகம் கிடையாது. எங்கள் காலத்தில் எல்லாருக்கும் ஒரே கனவு, அதை இறக்கிவிட்டு டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ எஞ்சினை ஏற்றுவது. 1587 சிசி, இரட்டை கேம், 16 வால்வு. கிள்ளான் பக்கம் ஹாஃப்கட் கடைகளில், அதாவது ஜப்பானில் பாதியாக வெட்டி அனுப்பும் பழைய கார்களை விற்கும் கடைகளில், கிடைக்கும். ஜப்பானில் புதுக் காருக்கு 3 வருடத்தில் ஒரு கட்டாயப் பரிசோதனை, பிறகு 2 வருடத்துக்கு ஒருமுறை. செலவு கூடுதல் என்பதால் நல்ல நிலையில் இருக்கும் கார்களையே அங்கே கழித்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் நமக்கும் ஸ்டீரிங் வலது பக்கம், அதனால் வெட்டி அனுப்பிய முன்பாதி அப்படியே நமக்கு ஆகிறது.

எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று பையன்கள் நினைக்கிறார்கள். கார்புரேட்டர் வண்டியின் பெட்ரோல் பம்ப் இன்ஜெக்ஷன் எஞ்சினுக்குப் போதாது. அதிக அழுத்தம் தரும் மின்சாரப் பம்ப் வேண்டும், மிச்ச பெட்ரோல் தொட்டிக்குத் திரும்பி வர இன்னொரு குழாய் வேண்டும். பழைய ரேடியேட்டர் போதாது. வயரிங் முழுக்க வேறு. இதையெல்லாம்விட முக்கியம் பிரேக். சின்ன எஞ்சினுக்குக் கணக்குப் பண்ணி வைத்த பிரேக் அது. என்னிடம் கேட்கிற ஒவ்வொரு தம்பிக்கும் இதைத்தான் சொல்கிறேன்: முதல் காசைப் பிரேக்கில் போடு, அப்புறம் எஞ்சினைப் பார். டர்போ ஏற்றிய கஞ்சில் என்ற சின்னக் காரை ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் அழுத்தமாகச் சொல்வேன். அது எவ்வளவு லேசான உடம்பு என்று கையால் தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சரி, இப்போது நான் பட்ட கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். 2006இல், அதே பழைய ஆசையில் இன்னொரு கேஇ70 மாற்றி வாங்கினேன். 4ஏ-ஜிஇ ஏற்கெனவே ஏற்றியிருந்தது, வேலையும் சுத்தமாக இருந்தது. கொடுத்தவர் எனக்குத் தெரிந்தவர்தான். கெரானை, அதாவது எஞ்சின் எண் போட்டிருக்கும் காரின் உரிமைப் பத்திரத்தை, புரட்டிப் பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை. பெயர் மாற்றப் பரிசோதனைக்குக் கொண்டுபோனபோதுதான் தெரிந்தது, கெரானில் இன்னும் பழைய 4கே எண். அங்கேயே நிறுத்திவிட்டார்கள். சரி, பழைய எஞ்சினையே திரும்ப ஏற்றலாம் என்றால், அது எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. புது எஞ்சினைப் பதிவு செய்யலாம் என்றால், வாங்கிய ரசீதும் இல்லை, சுங்கத் தாளும் இல்லை. இரண்டு வருடம் அந்தக் கார் வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் நின்றது. கடைசியில் உதிரிப் பாகமாகப் பிரித்துக் கொடுத்தேன். அந்தக் கதவுகளைக் கழற்றிய சாயங்காலம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இதில் வருத்தம் என்னவென்றால், முறையாகச் செய்ய வழி இருந்தது. எஞ்சினை மாற்றும் முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் அனுமதி கேட்க வேண்டும், ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும், ஏற்றியபின் பரிசோதனைக்குக் கொண்டுபோய்க் கெரானில் புது எண்ணைப் போட வேண்டும். சாலை வரியைப் பார்த்தால், இன்றைய கணக்கில் தீபகற்ப மலேசியாவில் 1290 சிசி காருக்கு 70 வெள்ளி, 1587க்கு 90 வெள்ளி. வித்தியாசம் 20 வெள்ளிதான். இன்சூரன்சுக்கும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் விபத்து நடந்த பிறகு இழப்பீடு கிடைக்காமல் போகலாம், நாம் இடித்த வண்டியின் செலவும் நம் தலையில் விழலாம்.

கண்ணாடிக்குக் கறுப்புத்தாள் ஒட்டுவதிலும் இதே கதை. முன்கண்ணாடியில் 70 விழுக்காடு, முன் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வர வேண்டும். 2019 மே மாதத்திலிருந்து பின்பக்கத்துக்கு அந்த அளவுக் கட்டுப்பாடு இல்லை. இது தெரியாமல் முன்னால் இருட்டாக ஒட்டி, சம்மன் வாங்கிக்கொண்டு என்னிடம் வந்து நிற்கும் பையன்கள் எத்தனை பேர்!

ஆசிரியர் அவர்களே, தங்கள் வாகனப் பகுதியில் புதுக் கார்களின் விலையும் படமும் வருகின்றன. நல்லது, நானும் விரும்பிப் படிக்கிறேன். அதோடு மாதம் ஒருமுறையாவது பழைய கார் வைத்திருப்பவர்களுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். எதை மாற்றலாம், எதற்கு அனுமதி வேண்டும், கைமாற்றும்போது எந்தத் தாளைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தமிழில் எழுதுங்கள். இந்த விவரங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கின்றன. ஆனால் மகனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும், கார் வாங்கிக் கொடுக்கும் அப்பா அம்மா படிப்பது தங்கள் பத்திரிகையைத்தான்.

2008இலிருந்து ஒவ்வொரு காருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் எழுதி வருகிறேன். எந்தத் தேதியில் எதை மாற்றினேன், எங்கே வாங்கினேன் என்பதோடு ரசீதும் ஒட்டியிருக்கும். காரை விடும்போது நோட்டையும் சாவியோடு சேர்த்துக் கொடுத்துவிடுவேன். எனக்கு ஒரு நகல் இருக்கும். அந்தப் பகுதிக்குப் பயன்படுமென்றால் சொல்லுங்கள், நகல்களை அனுப்பி வைக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஆலைப் பிட்டர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்